ஒற்றை உலக்கை மாவு

"முதல் சம்படம் வெறுமனே வந்துச்சு. ரெண்டாவது மூடியைக்கூடத் திறக்காம வந்துச்சு. நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?"

மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பொன்னுரங்கம் கேட்ட கேள்வி இது. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, ஒன்று படியில் கிடந்தது. இரண்டு கையிலும் இரண்டு எவர்சில்வர் சம்படங்கள்.

மடத்தம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் கூட்டினார்.

பொன்னுரங்கம் யாரென்று சொல்லிவிடுகிறேன். அறுபத்து நாலு வயது. நாற்பது வருஷம் கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்த கை. அந்த வட்டாரத்தில் அவர் பிடித்த லட்டு இல்லாமல் தாலி ஏறிய கழுத்து குறைவு.

மடத்தம்மாவுக்கு நாற்பத்திரண்டுதான். மூத்த சீடர், இளைய குரு. ஊரில் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மனைவி போய்ச் சேர்ந்தபோது, சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தார் பொன்னுரங்கம். அவரை உட்கார வைத்துக் கஞ்சி குடிக்க வைத்தது இந்த அம்மாதான். அந்தக் கஞ்சியில் உப்பு இல்லை. அம்மாவுக்குச் சமையல் வராது, அது ஊருக்கே தெரியும். ஆனாலும் அன்றைக்குக் குடித்தார். இன்றுவரை மடத்துக்கு வருகிறார்.

கொடுப்பதில் பொன்னுரங்கத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நான் மனசாரச் சொல்கிறேன். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டிவிடுவார். தெருவில் ஒரு வீடு விடமாட்டார். இஸ்திரி போடுகிறவர் வீடு, ராவுத்தர் வீடு, கோயிலடிப் பூக்காரி வீடு, எல்லா வீட்டுக்கும் பலகாரம் போகும். அவர் பெயர் வெட்டிய சம்படத்தில் போகும்.

போன பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். பதிலுக்குப் பலகாரம் வைப்பார்கள். வசதி இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை. அதுவும் இல்லையென்றால் கொல்லையில் பறித்த ஒரு கொத்து முருங்கைக்கீரை. வெறும் பாத்திரத்தைத் திருப்பினால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அப்படித் திருப்பியவள் யார்? ஒட்டுச் சுவர் வீட்டு இலஞ்சியம். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

உடன்பிறந்தவள் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். போன வருஷம் ஆவணியில் அவள் புருஷன் சாமிக்கண்ணு செத்துப்போனான். துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அந்த வருஷம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆடிப் பெருக்குக்கும் மாஸ்டரின் முதல் சம்படம் அவள் வீட்டுக்குத்தான் போனது. அவள் சாப்பிடும்வரை சுவர் ஓரமாக நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

இந்தத் தீபாவளிக்கும் கொடுத்தார். மறுநாள் சம்படம் சுவர்மேல் இருந்தது. கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

முறுக்கு பிடிக்கவில்லையோ என்று நினைத்தாராம் நம் மாஸ்டர். உடனே மைசூர்பாகு கிண்டி, அதைவிடப் பெரிய சம்படத்தில் போட்டு அனுப்பினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அது அப்படியே திரும்பி வந்தது.

"நாலு மணி நேரம் அடுப்புல நின்னேன்மா. திறந்துகூடப் பாக்கலைன்னா மனசு என்ன பாடுபடும்?"

குழாயடியில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், எனக்கென்று அந்தத் தெருவில் உரிமையோடு பேச இருந்தது அவள் ஒருத்திதான், அவளும் பேசாவிட்டால் நான் யாருக்காக அடுப்பு மூட்டுவது என்றெல்லாம் புலம்பினார்.

மடத்தம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். உள்ளே போய் ஒரு தேக்கிலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்து வைத்தார்.

ஐந்து அதிரசம் இருந்தது.

"சாப்பிடுங்க."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா."

"சாப்பிட்டுட்டுக் கேளுங்க."

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், கொடுத்தவர் படி இறங்குவதற்குள் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வார். "நல்லா இருக்கு" என்பார். மாஸ்டரின் பலகாரத்துக்கும் அதே வார்த்தைதான். புளித்த கொழுக்கட்டைக்கும் அதே வார்த்தைதான்.

பொன்னுரங்கத்துக்கு இது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பாவம், அம்மாவுக்கு நாக்கில் ருசி செத்துப்போய்விட்டது என்று முடிவுகட்டி வைத்திருந்தார்.

இப்போது அதிரசத்தைக் கையில் எடுத்தார். வேண்டா வெறுப்பாகத்தான் எடுத்தார். ஆனால் கை தொழில் பழகிய கை ஆயிற்றே. விண்டு பார்த்தது. மூக்கருகே கொண்டுபோனது. நுனி நாக்கில் ஒரு துணுக்கு வைத்தது.

"எப்படி இருக்கு? நீங்க மாஸ்டர். சொல்லுங்க" என்றார் அம்மா.

"பாகு முறுகிடுச்சு."

"ம்."

"ஏலக்காய் இல்லை. சுக்கு போட்டிருக்கு."

"ம்."

"எண்ணெய் குடிச்சிருக்கு. சரியாக் காயறதுக்கு முன்னாடியே போட்டுட்டாங்க. இது முதல் ஈடு."

"அப்புறம்?"

பொன்னுரங்கம் ஒரு விள்ளலை விரலிடையே நசுக்கினார். நறநறவென்று கப்பி தட்டியது. தொழில் பேச்சு வந்ததும் புலம்பலெல்லாம் மறந்துபோயிற்று அவருக்கு.

"மாவே சரியில்லைம்மா. அதிரசத்துக்கு அரிசியை ஊறவெச்சு, ஈரம் காயறதுக்குள்ள இடிச்சு முடிக்கணும். எதிரும் புதிருமா ரெண்டு பேர் நின்னு மாத்தி மாத்திப் போட்டாத்தான் அது நடக்கும். இது ஒத்தை உலக்கை மாவு. யாரோ ஒரே ஆளா நின்னு இடிச்சிரு..."

நிறுத்திவிட்டார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கொல்லையில் அடுப்படியில் நின்றபோது ஒரு சத்தம் கேட்டது அவருக்கு. தொம். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தொம். இவ்வளவு மெதுவாக இடித்தால் மாவு என்னத்துக்கு ஆகும், எவள் இந்தப் பாடு படுத்துகிறாள் என்று எரிச்சல்பட்டுக்கொண்டே பூந்தி தேய்த்தார்.

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷமாகத் தீபாவளி வந்தால் இரண்டு உலக்கைச் சத்தம் கேட்கும். சாமிக்கண்ணு ஒன்று போடுவான், இலஞ்சியம் ஒன்று போடுவாள். போன வருஷம் சத்தமே இல்லை.

தேக்கிலையின் மடிப்பில் ஒரு நீலத் துணிக் கிழிசல் இருந்தது. பொட்டலம் கட்டிய துணி. இலஞ்சியம் குழாயடிக்குத் தினமும் கட்டி வருகிற சேலையின் கிழிசல்.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

அம்மா அப்போதுதான் சொன்னார்.

வருஷம் திரும்பியதும் இலஞ்சியம் எண்ணெய்ச் சட்டி வைத்தாள். தன் துக்கத்துக்கு முதலில் சாப்பாடு போட்டவருக்கு முதல் ஈடு போக வேண்டும் என்று ஆறு அதிரசத்தைக் கட்டி, தீபாவளி அன்று காலையில், மாஸ்டர் கொல்லை அடுப்படியில் இருந்தபோது, அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தாள்.

மாஸ்டர் வீட்டுக்கு அன்றைக்கு எத்தனையோ வீட்டுப் பலகாரம் வரும். அவர் எதையும் தொட மாட்டார். பாகு பார்த்த நாக்குக்குப் பக்கத்து வீட்டுப் பண்டம் இறங்குமா? எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு, வருஷா வருஷம் செய்கிறபடி பூக்காரி கனகவல்லியிடம் கொடுத்துவிட்டார். அதுவும் தருமம்தான் என்பது அவர் எண்ணம்.

கனகவல்லி நல்லவள். இலஞ்சியம் வீட்டுத் துக்கம் இன்னும் முடியவில்லை, அங்கே இந்தத் தீபாவளிக்கும் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கூடையில் கைக்கு அகப்பட்ட ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய், மாஸ்டர் வீட்டுப் பலகாரம், சாப்பிடு தாயி என்று இலஞ்சியத்தின் கையிலேயே கொடுத்தாள்.

இலஞ்சியம் போட்ட முடிச்சு இலஞ்சியம் போட்டபடியே இருந்தது.

பொன்னுரங்கத்தின் கையில் இருந்த விள்ளல் கீழே விழுந்தது. பெற்ற மகளை அடித்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நேத்து இங்க கொண்டாந்து வெச்சா. சாப்பிட லாயக்கில்லையான்னு என்னைக் கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணு சாப்பிட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"பாகு முறுகியிருக்கேம்மா."

"முறுகல்தான். சுக்கும் தூக்கல்."

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு ருசி தெரியுமா?"

"போன வருஷம் உங்க மைசூர்பாகுல நெய் ஒரு கரண்டி கூட. அதுக்கு முந்தின வருஷம் ஜாங்கிரி கொஞ்சம் புளிப்பு."

ஏழு வருஷமாக இந்த அம்மாவைத்தான் நாக்கு செத்தவர் என்று நினைத்திருந்தார் மனுஷன். என்ன சொல்ல.

"என் வீட்டுக்காரி போனதுக்கு அப்புறம் முதல் தீபாவளிக்குக் கொண்டாந்தேனே, அது?"

"அடிப்பிடிச்சிருந்துச்சு."

"அடிப்பிடிச்சா?"

"நல்லாவே. கசந்துச்சு."

அன்றைக்குப் பொன்னுரங்கம் அழுதுகொண்டேதான் கிண்டினார். எது பதம், எது பாகு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியே கொண்டுவந்து இதே இடத்தில் கொடுத்தார். இந்த அம்மா அவர் கண்ணெதிரே ஒரு துண்டு சாப்பிட்டார், இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்குப் படி இறங்கும்போதுதான், சரி, இனி பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது அவருக்கு. அது நினைவிருந்தது. கசந்தது மட்டும் இத்தனை நாள் தெரியாது.

"அப்பவும் நல்லா இருக்குன்னுதானேம்மா சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

பொன்னுரங்கம் விழுந்த விள்ளலைப் பொறுக்கி ஊதி வாயில் போட்டுக்கொண்டார். மிச்ச அதிரசத்தையும் தின்றார். இன்னொன்றை எடுத்தார். கடிக்கக் கடினமாகத்தான் இருந்தது. மென்று மென்று தின்றார். கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

பிறகு எழுந்தார். மைசூர்பாகு இருந்த சம்படத்தை அம்மாவிடம் வைத்துவிட்டு, வெறும் சம்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் படி இறங்குவதற்குள் பின்னால் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கு மாஸ்டர்" என்றது குரல்.

இலஞ்சியம் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தோடு எழுந்தாள். உள்ளே போய்விடத்தான் எழுந்தாள்.

பொன்னுரங்கம் இரண்டு கையாலும் சம்படத்தை நீட்டினார். ஊரெல்லாம் கொடுத்த கை. ஒருத்தர் வாசலில் நின்று கேட்டுப் பழக்கமில்லாத கை.

"அதிரசம் இன்னும் ரெண்டு இருக்குமா தங்கச்சி?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது நல்லா வரலைண்ணே" என்றாள் கடைசியில்.

"நல்லா இருந்துச்சு."

பொய் சொல்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டரின் நரைத்த மீசையில் அதிரசத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"மாவு தீர்ந்துபோச்சுண்ணே. இனிமே கார்த்திகைக்குத்தான் இடிக்கணும்."

முற்றத்து மூலையில் உரல் கிடந்தது. சுவரில் ஒரு உலக்கை சாத்தியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று சாத்தி சாத்திச் சுவரில் பள்ளம் விழுந்திருந்தது.

"இன்னொரு உலக்கை எங்கே?"

"பரண்ல ஏத்திப்போட்டுட்டேன்."

பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எறக்கு தங்கச்சி" என்றார்.