தேன் குடித்த சைக்கிள்

கோடையிலும் பனி மூடும் மருதங்காட்டில் சொக்கன் என்று ஒரு கரடி இருந்தான். அவனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பனி மூடிய ஒரு காலையில், குளக்கரை மருத மரத்தில் சாய்ந்தபடி தன்னந்தனியாக நின்றது. சொக்கன் ஏறி உட்கார்ந்தான். அன்றிலிருந்து அது அவனுடையது.

அந்தச் சைக்கிள் என்றால் அவனுக்கு உயிர். மிதிக்கும்போது சக்கரக் கம்பிகளுக்குள் வெயில் சுழலும். பனிக்குள் புகுந்துவிட்டால், தான் போகிறோமா, காடு போகிறதா என்றே அவனுக்குத் தெரியாது. பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுவான். இதுவரை எந்த மரத்திலும் மோதவில்லை என்றால், அது மரங்களின் நல்ல மனசு!

அந்தக் கோடையில் சைக்கிள் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பாவம், பசிக்குது போல!" என்று சொக்கன் நினைத்தான்.

கரடிக்கு வேறு என்ன தோன்றும்? அன்று முதல், தேன் எடுத்தால் முதல் பங்கு சைக்கிளுக்கு. உள்ளங்கையில் ஒழுகவிட்டு, சங்கிலி முழுவதும் தடவிவிடுவான். "குடிடா கண்ணு, குடி!" என்று கொஞ்சுவான். கத்தலும் நின்றுபோயிற்று. சொக்கனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் குளத்தில் மெல்லம்மா என்ற ஆமை இருந்தாள். ஆண்டுதோறும் கோடை முடியும்போது அவள் முட்டையிட வேண்டும். குளக்கரையோ களிமண். மழை பெய்தால் தண்ணீர் கட்டி, முட்டைகள் அழுகிவிடும். மேட்டைத் தாண்டினால் ஆற்றோரம் வெள்ளை மணல் திட்டு ஒன்று உண்டு. மெல்லம்மா நடந்தால் அது ஒன்பது நாள் பயணம். சைக்கிளில் போனால் ஒரு பொழுதுகூட ஆகாது. அதனால் வருஷா வருஷம் அவளைக் கேரியரில் உட்காரவைத்து, கொடியால் கட்டிக் கூட்டிப்போவது சொக்கன்தான்.

அந்த வருஷமும் அந்த நாள் வந்தது. மேற்கே மேகம் திரண்டு நின்றது. தும்பிகள் புல் நுனியை உரசிக்கொண்டு தாழப் பறந்தன.

"சொக்கண்ணே, சாயந்திரம் மழை வந்துடும்! இப்பவே கிளம்பணும்!" என்றாள் மெல்லம்மா.

"கவலைப்படாதே! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளே மணல்லே இருப்பே!"

சொக்கன் மிதித்தான். சைக்கிள் அசையவில்லை. எழுந்து நின்று மிதித்தான். முனகிக்கொண்டே பத்தடி போனது. நாலைந்து நாளாகவே இப்படித்தான் இருந்தது. பனி கெட்டியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அவன் சும்மா இருந்துவிட்டான்.

மரத்தின் மேலிருந்து முறுக்கன் என்ற குரங்கு எட்டிப் பார்த்தது. யாரும் கேட்காமலே யோசனை சொல்வது அதன் வழக்கம்.

"டயர்லே காத்து இல்லே!" என்றது.

சொக்கன் அமுக்கிப் பார்த்தான். டயர் கல் மாதிரி இருந்தது.

"அப்போ பிரேக் பிடிக்குது!"

குனிந்து பார்த்தான். பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடவே இல்லை.

"அப்போ பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஆளுதான்! வயிறு நிறைய முட்டையோட ஏறி உட்கார்ந்தா, சைக்கிள்தான் என்ன பண்ணும்?"

சொக்கன் திரும்பிப் பார்த்தான். மூச்சு வாங்கியது. எரிச்சல் வேறு.

"மெல்லம்மா, இந்த வருஷம் நீ ரொம்பக் கனக்கிறே!" என்று சொல்லிவிட்டான்.

மெல்லம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அவுத்து விடுங்கண்ணே. நான் நடந்தே போறேன்."

சொக்கன் கொடியை அவிழ்த்தான். போகாதே என்று அவன் சொல்லவில்லை. மெல்லம்மா மேட்டுப் பாதையில் ஊர்ந்து ஊர்ந்து பனிக்குள் கரைந்துபோனாள்.

இப்போது கேரியர் காலி. சொக்கன் ஏறி மிதித்தான். சைக்கிள் நகரவில்லை! இன்னும் பலமாக மிதித்தான். அதே முனகல், அதே பத்தடி.

அவனுக்குச் சுருக்கென்றது. மெல்லம்மா இறங்கிவிட்டாள், ஆனால் கனம் இறங்கவில்லையே!

"முறுக்கா, இப்போ என்ன சொல்றே?"

"எனக்கு வேலை இருக்குப்பா!" என்று முறுக்கன் அடுத்த மரத்துக்குத் தாவி ஓடிவிட்டது.

சொக்கன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தான். முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது சத்தமே இல்லாமல், தூக்கத்தில் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. பெடலைக் கையால் சுற்றினான். அதுதான் இறுகி நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து சங்கிலியைப் பார்த்தான்.

சங்கிலியா அது? மண்ணும் தேனும் பிசைந்த கறுப்புக் களி! அதன்மேல் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"யார் நீங்க? என் சைக்கிளை என்ன பண்றீங்க?"

"சாப்பிடுறோம் அண்ணே!" என்றது முன்னால் நின்ற எறும்பு. "ஒரு மாசமா எங்களுக்கு இங்கேதான் விருந்து! யாரோ மகராசன் தினமும் வந்து தேன் தடவிட்டுப் போறார். மண்ணு மட்டும் கொஞ்சம் கூடப் போச்சு!"

அந்த மகராசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. நடுப்பாதையில் தனியாக ஊர்ந்துகொண்டிருக்கும் மெல்லம்மாவை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அழ நேரமில்லை. மேற்கே இடி உருண்டது. சொக்கன் நாக்கை நீட்டி, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக நக்கத் தொடங்கினான்.

"ஐயோ, எங்க சாப்பாடு!" என்று எறும்புகள் கலைந்து ஓடின.

மிச்ச மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினான். காய்ந்த புல்லால் துடைத்தான். இலுப்பை விதைகளைப் பாறையில் வைத்து நசுக்கி, கசிந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சங்கிலியில் விட்டான். பெடலைத் தொட்டான். சக்கரம் விருட்டென்று சுழன்றது! சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினான்.

ஏறி மிதித்தான். காடு மறுபடியும் மிதந்தது. ஆனால் இந்தத் தடவை அவன் கண்ணை மூடவில்லை. காலையிலிருந்து நடந்தும் மெல்லம்மா பாதி மேடுகூட ஏறியிருக்கவில்லை.

"மெல்லம்மா! கனம் உன்னாலே இல்லே! நான் தடவின தேன்தான் சங்கிலியைப் பிடிச்சுக்கிச்சு. தப்பு என்மேலேதான்!"

மெல்லம்மா மெதுவாகத் தலையை நீட்டினாள்.

"கனக்கிறேன்னு சொன்னீங்களே, அது ரொம்ப வலிச்சுதுண்ணே."

"தெரியும். என்னை மன்னிச்சிடு."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "உங்க நாக்கு ஏன் இப்படிக் கறுத்திருக்கு?"

"ஏறு, போகும்போது சொல்றேன்! மழை வருது!"

அவன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளை மணல் வந்துவிட்டது. மெல்லம்மா அவசர அவசரமாகக் குழி தோண்டினாள். பதினொரு முட்டைகள் இட்டாள். கடைசிப் பிடி மணலைத் தள்ளி மூடியபோது, முதல் துளி அவள் ஓட்டின்மேல் விழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் தூறல். காடு முழுக்க மண்வாசனை. சைக்கிள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, இப்போ கனம் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள் மெல்லம்மா.

"இல்லியே. போகும்போதும் நீ கனக்கவே இல்லே!" என்றான் சொக்கன்.

ஒன்று திணறி நிற்கும்போது, பழியை அடுத்தவர் முதுகில் ஏற்றுவதற்கு முன்னால், நம் கை அதற்கு என்ன செய்தது என்று குனிந்து பார்க்க வேண்டும்.