அஞ்சு சீட்டும் ஆபத்சகாயமும்

கருவேலங்கோட்டை ராஜா பூவரங்கருக்கு அந்த வருஷம் சீட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. கப்பல் வியாபாரி ஒருவன் சொல்லிக்கொடுத்த ஆட்டம். வியாபாரி போய்விட்டான். பைத்தியம் போகவில்லை.

அவர் சபையில் யோசனை சொல்ல ஆபத்சகாயம் என்று ஒருவர். "பேர்தான் ஆபத்சகாயம், என் ஆபத்துக்கே எனக்கு உதவத் தெரியாது" என்பார். வாயைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. அந்த ஆசனம் போனால் சோறு போயிற்று.

அந்த ஆசனத்தின் மேல்தான் தளவாய் வீரபாகுவுக்குக் கண். அவன் வீட்டில் மைத்துனன் ஒருவன் தின்றுகொண்டு சும்மா கிடந்தான்.

"மகாராஜா! இவரைப் புத்திசாலி என்கிறீர்களே, என்னோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடட்டும். தோற்றால் ஆசனம் என் மைத்துனனுக்கு. நான் தோற்றால் இனி அவன் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றான் தளவாய்.

ராஜாவுக்கு ஆட்டம் என்றால் போதுமே! "மூன்று நாள் தருகிறேன். ஓய், பழகிக்கொள்ளும்" என்று தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

"ஆளுக்கு அஞ்சு சீட்டு. ஒரே மாதிரி ரெண்டு வந்தால் ஜோடி. மூணு வந்தால் அதைவிட உசத்தி. அஞ்சும் ஒரே இனமாக வந்தால் அதற்கும் மேலே. சீட்டை நம்பிப் புளியங்கொட்டையை முன்னே தள்ள வேண்டும். எதிராளியும் அத்தனை தள்ள வேண்டும், துணிந்தால் அதற்கு மேலும் தள்ளலாம். பயந்தால் சீட்டைக் கவிழ்த்துவிடலாம். கவிழ்த்தவன் தோற்றவன்."

"கையில் ஒன்றும் வராதவன் என்ன செய்வான் மகாராஜா?"

"எல்லாம் இருப்பது போல உட்கார்ந்திருப்பான்."

"அப்படியானால் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் ஆடுகிறோம்" என்றார் ஆபத்சகாயம்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆட்டம்? அதைக் கேட்காதீர்கள். நல்ல சீட்டு வந்தால் மனுஷனுக்குக் காது சிவந்துவிடும். மோசமான சீட்டு வந்தால் கீழுதடு தொங்கிவிடும். இரண்டு நாளில் அரண்மனைச் சமையல்காரன்கூட அவரை ஜெயித்துவிட்டான். தளவாய் தூண் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபத்சகாயம் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றார். "மூஞ்சியா இது? தண்டோரா!" என்று தம்மைத் தாமே திட்டினார். திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு யோசனை வந்தது. என்ன யோசனையா? அதை இப்போதே சொல்லிவிட்டால் கதை சொல்கிறவன் பிழைப்பது எப்படி?

மூன்றாம் நாள் சபை நிறைந்திருந்தது. ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. ராஜாவே சீட்டுப் போட்டார். ஆபத்சகாயம் குலதெய்வத்தைக் கும்பிட்டு, அஞ்சு சீட்டையும் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மார்போடு அணைத்துக்கொண்டார்.

தளவாய் கையில் மூன்று ராஜா! அவன் அஞ்சு கொட்டை தள்ளினான். ஆபத்சகாயம் பத்துத் தள்ளினார். தளவாய் அவர் காதைப் பார்த்தான். சிவக்கவில்லை. உதட்டைப் பார்த்தான். தொங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

யோசித்து யோசித்து அவனும் மேலும் அஞ்சு போட்டுச் சரிக்கட்டினான். உடனே ஆபத்சகாயம் மீதி எல்லாவற்றையும் முன்னே தள்ளினார்.

தளவாய்க்கு வியர்த்தது. 'அடப்பாவி! மூன்று நாளில் முகத்தை அடக்கக் கற்றுவிட்டானே. அஞ்சும் ஒரே இனம்தான், சந்தேகமே இல்லை.' இன்னும் ஒரு தரம் காதைப் பார்த்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்துவிட்டான்.

சபை ஆர்ப்பரித்தது. "ஓய், அப்படி என்னதான் வைத்திருந்தீர்? காட்டும்!" என்றார் ராஜா.

ஆபத்சகாயம் சீட்டுகளை விரித்தார். ரெண்டு, நாலு, ஏழு, ஒன்பது, ஒரு ராணி. ஒன்றுக்கொன்று ஒட்டில்லை, உறவில்லை.

அவ்வளவுதான். மனுஷனுக்கு உதடு தொங்கியது, "ஐயையோ!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜெயித்த பிறகு ஏனய்யா அலறுகிறீர்?"

"இப்போதுதானே மகாராஜா சீட்டைப் பார்க்கிறேன்!"

"கண்ணில் ஒற்றிக்கொண்டீரே?"

"கண்ணை மூடிக்கொண்டுதானே மகாராஜா ஒற்றுவார்கள்? என் மூஞ்சிக்கு ரகசியம் தங்காது. அதனால் அதனிடம் நான் சொல்லவே இல்லை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். "ஆசனம் ஆயுசுக்கும் உமக்குத்தான். வேறு ஏதாவது வேண்டுமா?"

"ஒன்றே ஒன்று மகாராஜா. அடுத்த ஆட்டத்துக்கு என்னை விட்டுவிட்டுத் தளவாயின் மைத்துனனைக் கூப்பிடுங்கள்!"