மூன்று வழியும் இரண்டு வாக்கும்

அன்று டாக்டர் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: டாக்டர், தேவசகாயம், அவன் மனைவி ஞானப்பூ, நான். நர்ஸ் இரண்டு முறை வந்து போனார், அவரைச் சேர்க்கவில்லை.

தேவசகாயம் டிரைவர், நான் கண்டக்டர். உடன்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே பஸ்ஸில் பத்தொன்பது வருடம் ஓடினோம். போக நாற்பத்தொரு நிறுத்தம், வர நாற்பத்தொன்று. சாத்தான்குளத்தில் கருப்பட்டிக் காப்பிக்கு ஆறு நிமிடம். நான் இரண்டு விசில் கொடுக்காமல் அவன் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. அதிகாலை முதல் நடையில் அவன் முணுமுணுக்கும் பாட்டு இப்போதும் சில நாள் என் காதில் கேட்கும். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இருவருக்கும் எழுபது வயது.

"புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஆரம்பம்தான். மெதுவாக வளரும் வகை" என்றார் டாக்டர். மூன்று வழி சொன்னார். ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிடலாம். கொஞ்ச காலம் சிறுநீர் கசியும், சிலருக்கு அது நிற்காமலும் போகலாம். இருபது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம். அதிலும் எரிச்சல் உண்டு, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டி வரும். அல்லது இப்போதைக்கு வைத்தியம் எதுவும் இல்லாமல், அவ்வப்போது ரத்தம் பார்த்துக் கவனித்து வரலாம். வளர்ந்தால் அப்போது மற்றதை யோசிக்கலாம். "உங்களுக்கு மூன்றுமே பொருந்தும். அவசரமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்கள்."

வெளியே வந்ததும் தேவசகாயம் என் தோளில் கை வைத்தான். "ஏலே பிச்சையா, நீயே சொல்லு. நீ விசில் குடுத்தாத்தான நான் வண்டிய எடுப்பேன்?"

தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் டீக்கடையில் வேறு ஒன்று சொன்னான். "சாவுக்குப் பயமில்லல. வேட்டி நனைஞ்சு ஊருக்குள்ள நடக்க என்னால ஆகாது. சும்மா விட்டுப் பாத்துக்கிடலாம்னு தோணுது. அவகிட்ட சொல்லிராத." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஞானப்பூ எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அண்ணாச்சி, ஆபரேசன்னு சொல்லிருங்க. அத உள்ள வச்சுக்கிட்டு அவுக படுத்திருந்தா எனக்கு உறக்கம் வரல. நீங்க சொன்னாத்தான் கேப்பாக. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிராதீக." அழுதாள். அதற்கும் வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் மூவரும் நின்றோம். "சொல்லுல" என்றான் தேவசகாயம்.

அவன் சொன்னதையும் அவள் கேட்டதையும் இருவர் முன்னாலும் வரிசையாகச் சொன்னேன். என் முடிவு என்று எதையும் சொல்லவில்லை.

"ஒன்ன நம்பிச் சொன்னேன் பாரு" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஞானப்பூவோ அவனைத்தான் பிடித்தாள். "நனைஞ்சா தொவைக்கப் போறது நான்தான? நாப்பத்தி நாலு வருசமா அழுக்காகாத வேட்டியவா தொவைச்சேன்?"

"நீ உறங்கலன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான் அவன்.

நான் ஐம்பது அடி தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு மணி பத்து நிமிடம் கழித்து வந்தார்கள். "கரண்ட்" என்றாள் ஞானப்பூ. என்னிடம் இருவருமே சொல்லாத வழி. டாக்டரிடமும் அதையே சொன்னார்கள்.

முடிவை நம்பி நண்பனிடம் விட்டவன் ஒருவன். அவனுக்குத் தெரியாமல் அவன் உயிருக்காகக் கெஞ்சியவள் ஒருத்தி. இருவருக்கும் கொடுத்த வாக்கை ஒரே நிமிடத்தில் உடைத்தவன் ஒருவன். வாசிப்பவர்களே, இந்த மூவரில் சரியாக நடந்துகொண்டது யார்?

எனக்குத் தெரிந்த விடை இது. உடைத்தது சரி, அந்த வாக்குகளை நான் கொடுத்திருக்கவே கூடாது. எந்த வழியில் போனாலும் உடம்பு அவனுடையது, உறக்கம் அவளுடையது. எனக்கு இழப்பு ஒன்றுமில்லை. தாங்கப் போகிறவர்கள் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. ஆனாலும் நம்பியவனுக்கு வலிக்காமல் இருக்குமா? பதினேழு நாள் அவன் என்னோடு பேசவில்லை. கரண்ட் வைக்கத் தொடங்கிய அன்று காலை, அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் நான் கூப்பிடாமலே ஏறியபோது, மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் அவன், நடுவில் அவள், ஓரத்தில் அவன் துண்டு. துண்டை எடுத்துக்கொண்டு, "உக்காருல" என்றான். அன்றிலிருந்து மூவரும்தான் போய் வருகிறோம். இருபது நாளில் இன்றோடு ஒன்பது முடிந்தது. பாக்கி பதினொன்று.