துடைத்த படம்

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் அணு மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் டாக்டர் ஹெப்சிபா அதிகம் பேசமாட்டார். அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த இயற்பியல் மாணவி தமீமாவுக்கு மனசில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் படம் எடுத்ததும் பொரிப்பொரியாகத்தான் வரும். கணினியில் ஃபில்டர் போட்டுத் துடைத்தால் அந்தப் பொரி அடங்கும்; எந்த அளவு போடுவது என்பதுதான் கேள்வி. குறைவாகப் போட்டால், பொரியே கட்டிபோலத் தெரியும். போன மாதம் அப்படி, இல்லாத கட்டியை இருக்கிறதென்று சொல்லி ஒரு பெண்ணை வீணாக அழவைத்தாயிற்று. அந்த அழுகை தமீமாவின் காதைவிட்டுப் போகவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து ஃபில்டரைத் தானே திருத்தினாள்.

அன்று ரங்கநாயகி என்ற அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்தவர். இப்போது முதுகுவலி.

தமீமா படத்தைத் திரையில் போட்டாள். துடைத்த கண்ணாடிபோல இருந்தது.

“ஒண்ணுமில்லை மேடம். அனுப்பிடலாம். ஃபில்டரை இந்த அளவிலேயே நிறுத்திக்கலாமா?”

“ஃபில்டரை எடு.”

எடுத்தாள். பொரி திரும்பி வந்தது. இடுப்புக்கு மேலே, முதுகெலும்பில், ஒரு பொரி மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது.

“இது என்ன?”

“வெறும் இரைச்சல் மேடம். படத்துல தானா வர்ற பொரி.”

“நிச்சயமா?”

தமீமா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள்.

“அந்த அம்மா எங்கே?”

“வெளியேதான். வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கார்.”

“கூப்பிடு.”

ஸ்கேனுக்காகப் போட்ட ஊசி மருந்து ரங்கநாயகியின் உடம்பில் இன்னும் இருந்தது. முதுகை மட்டும் நிதானமாக, நீண்ட நேரம் எடுக்கச் சொன்னார் ஹெப்சிபா.

“ஏம்மா, ஏதாச்சும் இருக்கா?” படுத்தபடியே கேட்டார் ரங்கநாயகி.

“பார்த்துட்டுச் சொல்றோம்மா. அசையாம இருங்க.” என்றாள் தமீமா.

நேரம் ஆக ஆக, சுற்றியிருந்த பொரியெல்லாம் அடங்கியது. அந்தப் புள்ளி அடங்கவில்லை. அதே இடத்தில் நின்று தெளிந்தது.

ஹெப்சிபா போய் ரங்கநாயகியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“முதுகெலும்புல சின்னதா ஒண்ணு தெரியுதும்மா. இன்னொரு சோதனை செஞ்சு என்னன்னு உறுதி பண்ணணும். சின்னதா இருக்கும்போதே பார்த்துட்டோம்.”

ரங்கநாயகி மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“எல்லாரும் வயசு வலின்னாங்க டாக்டரம்மா. நான்தான் இல்லை இல்லைன்னு சொல்லிட்டே இருந்தேன்.”

அவர் போனதும் தமீமா கேட்டாள்.

“என் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுடவா மேடம்?”

“எதுக்கு? போன மாசம் அந்தப் பொண்ணு அழுததும் நிஜந்தானே.”

“அப்போ எந்த அளவுலதான் நிறுத்தறது?”

ஹெப்சிபா திரையைப் பார்த்தபடி சொன்னார்:

“துடைச்ச பிறகு மிஞ்சினதை எனக்குக் காட்டினே. துடைச்சு எடுத்ததை நீ பார்த்தியா?”