முத்திரை உடையாத முப்பது பொன்

கல்லாறை நாட்டைச் சோமவர்மர் ஆண்டபோது கள்ளக் காசுக்கு ஒரே தண்டனைதான். எவன் கையில் அது இருக்கிறதோ அவனுடைய வலதுகைக் கட்டைவிரல் போகும். யார் கொடுத்தது, எப்படி வந்தது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. இந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்தவர் கருவூலத் தலைவர் மகுடேசர்.

அந்த நாட்டில் சின்னாண்டி என்று ஒரு மாட்டுக்காரன். புதன்கிழமைச் சந்தையில் தன் வெள்ளை மாடுகள் இரண்டையும் விற்றான். வாங்கியவர் மகுடேசரேதான். வழக்கப்படி துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். முப்பது பொன். பக்கத்தில் நின்றவனுக்குக்கூடத் தெரியாது. மகுடேசர் அரக்கு முத்திரை வைத்த பை ஒன்றைக் கொடுத்தார். தலைக்கயிற்றுக்கென்று தனியாக ஒரு பொன் கொடுத்தார். பெரிய மனிதர் கொடுத்த பையை அவர் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்பார்கள். சின்னாண்டி பையைக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டான்.

வரும் வழியில் கயிற்றுப் பொன்னைச் சில்லறை மாற்றத் தட்டாரிடம் நீட்டினான். அவர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, இது செம்பு. மேலே முலாம். நீ காட்டவுமில்லை, நான் பார்க்கவுமில்லை. ஓடிப் போ!"

வீட்டில் மனைவி பவளாயி சொன்னாள்: "எல்லாத்தையும் கிணத்துல போட்டுட்டு வந்து சாப்பிடு. விரலாவது மிஞ்சும்."

பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்: "அடுத்த சந்தையில எவன் தலையிலாவது கட்டிவிடு அண்ணே."

இரண்டுமே சின்னாண்டிக்குச் சரிப்படவில்லை. கிணற்றில் போட்டால் இரண்டு மாடும் போன மாதிரி. தலையில் கட்டினால் யாரோ ஒரு பாவி விரலை இழப்பான். கட்டைவிரலைத் தடவிக்கொண்டே கூத்தபிரான் வீட்டுக்கு நடந்தான்.

கூத்தபிரானுக்கு அரசவையில் கடைசி ஆசனம். வாய்க்கு மட்டும் முதல் ஆசனம். கதையைக் கேட்டுவிட்டு, "பையைப் பிரித்தாயா?" என்றார்.

"பயமா இருக்குது சாமி. பிரிக்கலை."

"நல்ல பயம்."

தராசை எடுத்தார். ஒரு தட்டில் பை. மறு தட்டில் தன் பெட்டியிலிருந்து எடுத்த நல்ல பொன், ஒவ்வொன்றாக. பதினெட்டு வைத்ததும் தட்டுகள் சமமாக நின்றன.

"முப்பது பொன் இளைத்துப் பதினெட்டாகி இருக்கிறது. நாளை சபைக்கு வா. பையைத் தொடாதே. நீ மாட்டைச் செம்புக்கு விற்றாயா?"

"இல்லை சாமி, பொன்னுக்கு."

"பொன் வந்ததா?"

"எங்கே வந்தது?"

"அதை மட்டும் சொல். மீதி என் பாடு."

மறுநாள் சபை வாசலில் அந்த வெள்ளை மாடுகள் கொம்பில் குஞ்சம் கட்டி நின்றன. மகுடேசர் அவற்றைத் திருவிழா ரதத்துக்காக நூறு பொன்னுக்கு அரசருக்கே விற்க வந்திருந்தார். அரசரும் தலையாட்டிவிட்டார். அப்போது சின்னாண்டி முன்னே வந்தான்.

"மகாராசா! இது என் மாடு. இன்னும் விலை வந்து சேரலை."

மகுடேசர் துள்ளி எழுந்தார். "அடப் பொய்யா! என் கையால் கொடுத்தேனே! அரசே, முப்பது பொன் கொடுத்தேன். அவன் மடியைப் பாருங்கள்!"

கூத்தபிரான் மெதுவாகத் தலையை நீட்டினார். "துண்டுக்கு அடியில் பேசிய விலை. சாட்சி இல்லையே, ஐயா?"

"என் முத்திரைதான் சாட்சி!"

சின்னாண்டி பையை எடுத்து நீட்டினான். முத்திரை முழுதாக இருந்தது.

"பிரிக்கக்கூட வேண்டாம், மேலே பார்த்தே சொல்லுங்கள்" என்றார் கூத்தபிரான். "ஒருவேளை வேறு யாருடைய பையோ?"

மகுடேசருக்கு நூறு பொன் கண்முன் நின்றது. பிரிக்க வேண்டாம் என்ற சொல் தேனாக இனித்தது.

"என் பை! என் அரக்கு! என் கையால் எண்ணிப் போட்ட காசு! இல்லையென்று ஆனால் என் கட்டைவிரலை வெட்டிக்கொள்ளுங்கள்!"

"சபையார் கேட்டுக்கொண்டீர்களா?" என்றார் கூத்தபிரான். "அரசே, வழக்கு முடிந்தது. மாட்டுக்காரன் நாளைக்கு ஒன்று குறைகிறது என்று வந்து நிற்பான். தங்கள் கையாலேயே பிரித்து எண்ணிவிட்டால் நல்லது."

மகுடேசர் வாயைத் திறப்பதற்குள் அரசர் அரக்கை உடைத்துவிட்டார். எண்ணினார். முப்பது சரியாக இருந்தது. தட்டாரை அழைத்து உரைக்கச் சொன்னார். முப்பதும் செம்பு.

சின்னாண்டி வலதுகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"ஐயோ! இது என் பை இல்லை!" என்று அலறினார் மகுடேசர்.

"இல்லையென்றால் தாங்கள் கொடுத்த வாக்குப்படி விரல் போகும்" என்றார் கூத்தபிரான். "ஆமென்றால் தாங்கள் எழுதிய சட்டப்படி விரல் போகும். எதன்படி என்று தாங்களே சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டும் சம்மதம்."

அரசர் முதலில் முறைத்தார். பிறகு மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விரல் இருக்கட்டும். பதவி போகட்டும். கயிற்றுக் காசோடு சேர்த்து முப்பத்தொன்று. இரண்டு மடங்காக, அறுபத்திரண்டு நல்ல பொன்னை இப்போதே சின்னாண்டிக்குக் கொடு. மாடும் அவனுக்கே. ரதத்துக்கு அவனிடமே விலை பேசிக்கொள்கிறேன். இன்றுமுதல் கள்ளக் காசு கைக்கு வந்தவன் சபைக்குக் கொண்டுவரலாம். அவனுக்குத் தண்டனை இல்லை. கொடுத்தவன் யார் என்று நான் கேட்கிறேன்."

சின்னாண்டி கையை முன்னால் கொண்டுவந்து, ஐந்து விரலும் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

கூத்தபிரானுக்கும் பரிசு வந்தது. கருவூலத்திலிருந்து ஐம்பது பொன், பட்டுப்பையில். அவர் வணங்கி வாங்கினார். அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். தட்டாரின் உரைகல்லைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக உரைக்கத் தொடங்கினார்.

அரசரின் முகம் சிவந்தது. "கூத்தபிரான்! என்மேலேயே சந்தேகமா?"

"சிவ சிவா! தங்கள்மேல் சந்தேகமா?" என்றார் கூத்தபிரான், ஏழாவது காசை உரைத்தபடியே. "ஆனால் இன்று காலைவரை கருவூலச் சாவி யார் இடுப்பில் இருந்தது, அரசே?"

அரசரின் கோபம் சட்டென்று அடங்கியது. அடுத்த கணம் அவரும் ஆசனத்தை விட்டு இறங்கினார்.

"தட்டாரே, இன்னொரு உரைகல் இருக்கிறதா?"