அட்ஜஸ்ட் நாச்சிமுத்து

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தான். பேரு நாச்சிமுத்து. டவுன் பஸ்ல விசிலும் தோள்பையுமா நிப்பான். அவன்கிட்ட ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருந்துச்சு. அதை வெச்சே அந்த பஸ்ஸை ஆண்டான். என்ன வார்த்தை, சொல்லு பார்ப்போம்?

"டிக்கெட், பெரியப்பா."

அது தமிழாகி ரொம்ப நாளாச்சு கண்ணு. இது 'அட்ஜஸ்ட்'.

அந்த வார்த்தைக்குச் சீமையில சின்ன உத்தியோகம்தான். திருகாணியைக் கொஞ்சம் முடுக்கு, கொஞ்சம் தளர்த்து, பொருந்திடுச்சா, போய்ப் படு. கப்பலேறி நம்ம பக்கம் வந்துச்சு பாரு, பாவம், ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது. சாம்பார்ல உப்பு இல்லையா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. தையல்காரர் ஜாக்கெட்டை இறுக்கித் தைச்சுட்டாரா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மாப்பிள்ளைக்கு மூக்கு மேல கோவமா? பொண்ணுதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். ஒருத்தர் செய்யற தப்புக்கு இன்னொருத்தர் நகர்ந்துக்கிட்டா அதுக்குப் பேரு அதுதான். தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

நாச்சிமுத்துவுக்கு ஒரு அக்கா, தெய்வாத்தா. அவளுக்கு ஒரு பொண்ணு, பூவிழி. பிள்ளைக்குக் காது குத்தணும். அவங்க வழக்கப்படி ஒத்தப்படை வயசுலதான் குத்தணும். ஒண்ணு, மூணு, அஞ்சு. குத்தறப்போ பிள்ளை யார் மடியில உக்காரும்?

"அம்மா மடியில."

அதான் இல்ல. தாய்மாமன் மடியில. அம்மாவே கேட்டாலும் அந்த இடம் கிடைக்காது.

அப்போ பூவிழிக்கு ஒரு வயசு. நாள் குறிச்சாச்சு, ஆசாரிக்குச் சொல்லியாச்சு. நாச்சிமுத்து போன் பண்ணினான். "அக்கா, திருவிழா ஸ்பெஷல் பஸ், லீவு இல்ல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"சரிடா தம்பி"ன்னா அக்கா. வருஷம் ரெண்டு ஓடுச்சு. ஏன் ரெண்டு?

"ரெண்டு வயசு ஒத்தப்படை இல்ல!"

பலே. அப்புறம் மூணு வயசு. மறுபடி போன். "கூட வேலை பார்க்கறவனுக்குக் கல்யாணம், அவன் டூட்டியை நான் பார்க்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்க்கா. நீ என் அக்காதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

இந்தத் தடவை அக்கா வெறும் "சரி"ன்னா. தம்பின்னு சேர்க்கல. அதை அவன் கவனிக்கல.

பூவிழி பள்ளிக்கூடம் போனா. மத்தப் பிள்ளைங்க காதுல தோடு மின்னுது. இவளைப் பார்த்து "மூளிக்காது, மூளிக்காது"ன்னு கத்தினாங்க. அவ ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு வீட்டுக்கு வந்து, "மாமா எப்பம்மா வருவாங்க?"ன்னு கேட்டா.

"ம்."

அஞ்சு வயசு வந்துச்சு. இதை விட்டா ஏழு. நாச்சிமுத்து சத்தியம் பண்ணினான். லீவு எழுதிக் குடுத்தான். ஜிமிக்கி வாங்கினான், பட்டுப்பாவாடை வாங்கினான், வெத்தலை பாக்கு பழம் எல்லாம் ஒரு தாம்பாளத்துல அடுக்கினான். முகூர்த்தம் பத்தரை வரைக்கும். காலையில அந்தத் தாம்பாளத்தோட டிப்போ வழியா நடந்தான். டைம் கீப்பர் கைதட்டிக் கூப்பிட்டார். "நாச்சிமுத்து! ஆள் வரல. ஒரே ஒரு சிங்கிள் டிரிப் போயிட்டு வந்துடுப்பா. அட்ஜஸ்ட் பண்ணிக்க."

ஊருக்கே அந்த வார்த்தையைக் குடுத்தவன், தனக்கு ஒருத்தர் குடுத்தா எப்படி வேண்டாம்பான்? ஏறிட்டான். தாம்பாளத்தை டிரைவர் பக்கத்துல வெச்சான். பீப்! நிறுத்து. "உள்ள போங்கண்ணே, அட்ஜஸ்ட் பண்ணுங்க." பீப் பீப்! போலாம். பீப்! நிறுத்து. பஸ் தடதடன்னு ஆமையா ஊர்ந்துச்சு. பத்து மணிக்குப் போன் பண்ணினான். "அக்கா, பத்தே நிமிஷம்..." அக்கா போனை வெச்சுட்டா.

அங்க என்ன ஆச்சு? ஆசாரி கம்பியோட உக்காந்திருக்கார். பெரியவங்க எல்லாம் "மாமன் எங்கே, மாமன் எங்கே?"ங்கறாங்க. பத்தே கால். தெய்வாத்தா நேரா எதிர் வீட்டு சைக்கிள் கடை ராமநாதன்கிட்ட போனா. "அண்ணா, என் பிள்ளைக்கு மாமனா வந்து உக்காருங்க." அந்த மனுஷன் கையில இருந்த கிரீஸைக் கூடச் சரியா துடைக்கல, வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டார். சுருக்! "அம்மாஆஆ!" சுருக்! முடிஞ்சுது.

"அந்த மாமா வரலையா?"

வந்தான். பதினொரு மணிக்கு, தஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சிரைக்க ஓடி வந்தான். வாசல்லயே, "அக்கா, கோவமா?"ன்னான்.

"கோவம் என்னடா? நேரம் போயிட்டிருந்துச்சு. நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம். இலை போட்டிருக்கு, சாப்பிடு."

ராமநாதன் பிள்ளையைத் தூக்கிக்கிட்டே பதறி எழுந்தார். "வாங்க தம்பி, இது உங்க எடம், நீங்க உக்காருங்க." நாச்சிமுத்து உக்காந்து ரெண்டு கையையும் நீட்டினான். "வா சாமி, மாமா மடிக்கு வா. ஜிமிக்கி பாரு." பூவிழி ராமநாதனோட சட்டையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு அவர் தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டா. அவர் பிரிக்கப் பார்த்தார், முடியல. நாலு வருஷமா காத்திருந்த பிள்ளை. வலிச்ச நேரத்துல யார் சட்டை கைக்குக் கிடைச்சுதோ, அதைத்தான் பிடிக்கும்.

நாச்சிமுத்து எழுந்துட்டான். தாம்பாளத்தைக் கையில எடுத்தான். எங்க வைக்கறதுன்னு அவனுக்குத் தெரியல.

அப்போ போட்டோக்காரர் வந்தார். வெளியூர்க்காரர், யார் என்ன உறவுன்னு தெரியாது. ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு, கேமராவுக்குப் பின்னால இருந்து சத்தம் போட்டார். "தட்டு வெச்சிருக்கற சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஓரமாப் போங்க. மாமா மறையறார்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன... நகர்ந்துக்கிட்டான். கதையும் உறங்கப் போயாச்சு, நீயும் கண்ணை மூடு.