மணியக்காரர் வீட்டுத் தூண் அழுத கதை

ஒரு ஊர்ல ஒரு கட்டுமரம் இருந்துச்சு. ராஜா ராணியெல்லாம் இல்லடி, கட்டுமரம்தான். அத்தை சொன்னா "ம்" கொட்டணும், சரியா?

"ம்."

மூணு மரத்தைக் கயித்தால சேத்துக் கட்டினா கட்டுமரம். கலியனும் அவன் பொண்டாட்டி காத்தாயியும் அதை வச்சுத்தான் கஞ்சி குடிச்சாங்க. கலியன் கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து, மூணையும் மணல்ல தனித்தனியாக் காயப் போடுவான். காஞ்சாத்தானே மறுநாள் நல்லா மிதக்கும்? அப்போ காத்தாயி ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு கை நல்ல தண்ணி தெளிப்பா. நாள் பூரா உப்பைக் குடிச்சதுக்குத் தாகம் எடுக்காதா, நீயே சொல்லு.

"ம்."

அப்புறம் ஒருநாள் ரெண்டு பேரும் மீன் விக்கப் போயிருந்தாங்க. அந்த ஊர் மணியக்காரர் வந்தாரு. வந்தாரு என்ன வந்தாரு, வந்தான்! புது வீடு கட்டுறானாம், வாசலுக்குத் தூண் வேணுமாம். நடு மரத்தை ஆளை விட்டுத் தூக்கிட்டுப் போயிட்டான். கலியன் ஓடிப்போய், "ஐயா, அது எங்க கட்டுமரம்"னு அழுதான். "கட்டுமரமா? கரையில கிடந்த கட்டைடா அது, போ"ன்னுட்டான். சொல்லும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வருது. வேட்டியை அவுத்துக் காயப் போட்டா, அது வேட்டி இல்லாமப் போயிடுமா?

நடு மரம் இல்லாம எப்படிக் கடலுக்குப் போறது? அடுப்புல பூனை படுத்துடுச்சு.

அப்போ மழைக்காலம் வந்துச்சு. ஈரக்காத்து பட்டதும் தூண் சொட்டு சொட்டுன்னு அழுதுச்சு. கடல் உப்பு ஊறின மரமாச்சே! மணியக்காரன் சுண்ணாம்பு அடிச்சான். பொத்துன்னு விழுந்துச்சு. அப்புறம் வர்ணம் பூசினான். பொரபொரன்னு உரிஞ்சுது. அப்புறம் பித்தளைத் தகடு சுத்தினான். மூணே நாள்ல பாசி மாதிரி பச்சை! மீன் வாடை வேற குப்புன்னு.

"ம்..."

அப்போ பாத்து மணியக்காரன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் பீப்பீ டும்டும்னு தெருக்கோடிக்கு வந்துடுச்சு. வாசல்ல தூண் அழுவுது. வீட்டுக்கு முட்டுக் குடுத்து, "தூணை உருவுங்கடா"ன்னு கத்தினான். "அழுவுற மரத்தை நாங்க தொட மாட்டோம்"னு ஆளுங்க ஒதுங்கிட்டாங்க. அப்புறம் காத்தாயிக்கு ஆள் போச்சு.

வந்தா. கையைக் கட்டிக்கிட்டு நின்னா.

"உன் கட்டையை எடுத்துக்கோ."

"கட்டை எதுக்கு? எங்க வீட்ல அடுப்பே எரியல. நீங்க எடுத்துட்டு வந்தது என்னது?"

"கட்டுமரம்"னு முனகினான்.

"காதுல விழல."

"கட்டுமரம்!"

"யாரோடது?"

மேளம் வாசலுக்கே வந்துடுச்சு. "கலியனோட கட்டுமரம்!"னு தொண்டை கிழியக் கத்தினான். மேளக்காரரே வாசிப்பை நிறுத்திட்டாரு.

அப்புறம் கரை ஆளுங்க ஏலேலோன்னு தூக்கிட்டு வந்தாங்க. காத்தாயி ஒரு குடம் நல்ல தண்ணியை அப்படியே அதுமேல ஊத்தினா. "உன்னைத் தனியா விட்டுட்டுப் போனேனே"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. மறுநாள் கலியன் கடலுக்குப் போனான்.

"அத்தை... அவன் மன்னிப்பு கேட்டானா?"

எங்க கேட்டான்! அதான் எனக்கு இன்னும் ஆறல. கதை முடிஞ்சுது. கயித்தை அவுத்து, கதையை மணல்ல காயப் போட்டாச்சு. நீ தூங்கு. யாரும் தூக்கிட்டுப் போகாம நான் பாத்துக்கிறேன்.